கண்டக்டரின் ஏழு தட்டுகள்

இதைப் படித்துவிட்டு, "பெத்த மனசு, பிரமை" என்பீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நடந்தது எனக்கு. நல்ல வெளிச்சம். தூக்கக் கலக்கம் துளியும் இல்லை. ஹேண்டில் பாரில் கட்டியிருந்த கடிகாரத்தில் ஒவ்வொரு தடவையும் மணி பார்த்தேன்.

தையல் மெஷின் ரிப்பேர் என் தொழில். கருவிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போவேன். மணிக்கணக்காக ஒரே மாதிரி உட்கார்ந்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். இழுத்துப் பிடித்துவிட்டாலோ, கால் நம்முடையதுதான், ஆனால் நம் பேச்சைக் கேட்காது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். தண்ணீர் குடித்து, குதிகாலை ஊன்றி, விரல்களை மேல்பக்கமாக இழுத்துவிட வேண்டும். எனக்கு மறந்துவிடும். விடுமுறையில் பின்னால் உட்கார்ந்து வரும் என் பன்னிரண்டு வயது மகள்தான் நேரம் பார்ப்பாள். வலது தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம்.

"வண்டி யாருதுடீ?" என்பேன்.

"வண்டி உன்னுது. ரூட் என்னுது."

வீட்டில் அவளுக்குப் பெயரே கண்டக்டர்.

போன வருடம் ஒருநாள் அவள் தட்டினாள். கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரம் எனக்கு.

"இன்னும் பத்து நிமிஷம், கண்டக்டரம்மா."

"கால் பிடிச்சா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக் பிடித்து இடது காலை ஊன்றப் போனேன். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வண்டி சாய்ந்தது. அந்தப் பக்கம் ஒரு லாரி... அது இன்னும் முழுசாக நின்றிருக்கவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு தடவைதான் தட்டினாள். போலீசிடம் அதைத்தான் சொன்னேன். கணவரிடம் அதைத்தான் சொன்னேன். ஒரு வருடமாக எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தட்டு. அதைத் தட்டிக்கழித்தது அவ்வளவு பெரிய பாவமா?

அதன்பின் அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை. போன மாதம் வேலை இழுத்துப் போனது. 3:40க்குக் கிளம்பினேன். தனியாக.

4:25. வலது தோளில் ஒரு தட்டு.

கண்ணாடியில் பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. நிறுத்தியிருக்கலாம். பயத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

4:31. இன்னொன்று. கொஞ்சம் அழுத்தமாக.

4:36. 4:39. விரல் நுனிகள் மட்டும்... கெஞ்சுவது போல.

4:41. 4:43.

தூரத்தில் அந்தக் கேட்.

4:45. ஏழாவது.

அப்புறம் தட்டு இல்லை...

இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள்.

ஓரங்கட்டினேன். கெண்டைக்கால் துடித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நிறுத்திட்டேன்டீ தங்கம். போகலாமா, சொல்லு."

காத்திருந்தேன். ரயில் ஒன்று போனது. இன்னொன்று போனது. இரண்டு தட்டு வரவே இல்லை.

கணவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க... கண்டக்டர் தட்டினா."



"எத்தனை தடவை?"

"ஏழு."



"அன்னிக்கு உனக்குப் பின்னாலயே வந்த கார்ல கேமரா இருந்துச்சு. போலீஸ் எனக்கு மட்டும் போட்டுக் காட்டினாங்க. ஒரு தடவைதான்னு நீ சொல்லிக்கிட்டே இருந்த... அதை நம்பியாவது நீ தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"எத்தனைங்க?"

"ஏழு. கடைசியில தட்டுறத விட்டுட்டா. ரெண்டு கையாலயும் உன் இடுப்பைக் கட்டிக்கிட்டா..."

கைகளைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவை அப்போதும் என் இடுப்பை விட்டிருக்கவில்லை.