எர்த் கம்பிக்குப் பதிலா நான்

இன்னைக்கு மகன் வாங்கிவந்த புது வூஃபர் ‘ங்ங்ங்’னு இரையறதைக் கேட்டதும், எண்பதுகள்ல ஜவ்வாது மலையில நான் வாழ்க்கைப்பட்ட புதுசு ஞாபகம் வந்துச்சு.

என் வூட்டுக்காரர் போளூர்ல மலிவா ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிவந்து, மண்பானை வாய்ல ஸ்பீக்கரைப் பொருத்தினார். பாட்டை விட இரைச்சல்தான் ஜாஸ்தி.

போய்க் கேட்டதுக்குக் கடைக்காரர், “உங்க வூட்ல எர்த் இல்லீங்க, மண்ணுல கம்பி புதைங்க”ன்னு சொல்லியனுப்பிட்டார். இவருக்குக் குழி தோண்ட சோம்பல்.

ஒருநாள் தூசி துடைக்க அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தொட்டேன். இரைச்சல் நின்னுபோச்சு. கையை எடுத்தா மறுபடியும் வந்துச்சு.

இவருக்கு ஒரே சந்தோஷம். அன்னைக்கு சாயந்திரமே சொந்தக்காரங்களைப் பாட்டு கேக்கக் கூப்பிட்டு, “கைய எடுத்துடாத”ன்னு என்னைப் பெட்டி பக்கத்துல உக்கார வெச்சார்.

அவரோட பெரியப்பா, “இன்னாப்பா, இம்மாம் சுத்தமா பாடுது”ன்னார்.

“அல்லாம் என் வேலை, பெரியப்பா”ன்னார் இவர்.

நான் கையை எடுத்து, “எல்லாருக்கும் டீ போட்டுட்டு வர்றேங்க”ன்னு உள்ள போய்ட்டேன். பானை இரைய ஆரம்பிச்சுது. நான் டீயை நல்லா, பொறுமையா கொதிக்க விட்டேன்.

மறுநாள் காலையிலயே வூட்டுப் பின்னாடி கடப்பாரை சத்தம் கேட்டுச்சு.

உங்க வூட்ல எர்த்துக்கு யாரு உக்காந்தாங்க?