ரேடியோவில் மாட்டிய யுகுலேலே

செவிடன் காதில் ஊதின சங்கு என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அது நான் போட்ட சட்டம். போட்டவளே முதலில் மீறினேன். கடைக்குப் போகச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஆத்திரத்தில் வாய் தவறி அதையே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், தலையாட்டினார். அப்போதெல்லாம் அவர் எதற்கும் தலையாட்டுவார். கேட்டாலும் ஆட்டுவார், கேட்காவிட்டாலும் ஆட்டுவார். எதிரில் இருப்பவரைத் திரும்பச் சொல்ல வைப்பது மரியாதை இல்லை என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அவருக்கு வந்தது காசநோய். அதை வாய்விட்டுச் சொல்லவே அந்தக் காலத்தில் கூசுவோம், நெஞ்சுச் சளி என்போம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊசி மேல் ஊசி போட்டுப் பிழைத்து வந்தார். இந்த ஊசி நெஞ்சைக் காப்பாற்றும், ஆனால் சிலருக்குக் காதைத் தின்றுவிடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் குழாயில் தண்ணீர் சொட்டுவது போனது. அப்புறம் நான். என் குரல் கீச்சுக் குரல், அதனால் சீக்கிரம் போய்விட்டதாம். பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகளின் தடித்த குரல் அவருக்கு இன்னும் கேட்டது. ஊர்க்காரன் பேச்சு கேட்கும், பெண்டாட்டி பேச்சு கேட்காது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. கொஞ்ச நாளில் எல்லாமே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் பகலில் பஸ் கம்பெனிப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பார், சாயங்காலம் யுகுலேலே வாசிப்பார். மலாக்கா ஊரில் காஜா பெராங் பக்கம் எங்கள் வீடு, அதற்குப் பின்னால் மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கம்போங். அவர்களுக்கும் நமக்கும் சாமி ஒன்று, பேச்சுதான் மலாய். அதில் ஒருவர் பிடில் வாசிப்பார். அவரோடு சேர்ந்து கல்யாண வீடுகளில் கெரொஞ்சோங் என்கிற மலாய்ப் பாட்டுக்கு என் வீட்டுக்காரர் வாசிக்கப் போவார். நாலே நாலு நரம்பு, முழங்கை நீளம்கூட இருக்காது. இதென்ன, கித்தார் போட்ட குட்டியா என்று கல்யாணமான புதிதில் கேலி செய்திருக்கிறேன். அந்தக் குட்டிதான் நான் சமைக்கும் நேரமெல்லாம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் எனக்குக் குழம்பு இறங்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதை எடுத்து வாசித்துப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை. யுகுலேலேயின் விளிம்பைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு வாசித்தார். அப்போது கொஞ்சம் தெரிந்தது போல. கண்ணை மூடிக்கொண்டு தேடுவார். சுருதி சேர்ந்திருக்காது, கடைசி நரம்பு தனியாக ஒரு பக்கம் ஓடும். "சரியா இருக்கா புள்ள?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். சரியாக இருக்கிறது என்று சைகை காட்டுவேன். தினமும் ஒரு பொய். அடுப்படிக்குப் போய் முந்தானையில் மூக்கைச் சிந்துவேன்.

பிடில்காரர்தான் வந்து சொன்னார். பூங்கா ராயா ரோட்டில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், ரேடியோ கடையில் ஒரு யுகுலேலே வந்திருக்கிறதாம். ஹோட்டலில் டான்ஸ் பாட்டு வாசித்தவன் ஒருவன் ஊரை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. ஹவாய் மரம், உசத்தியான சாமான். அதன் வயிற்றிலேயே சத்தம் பிடிக்கிற பிக்கப் வைத்திருக்கிறது, ஒயரை ரேடியோவின் பின்னால் குத்தினால் வாசிப்பதெல்லாம் ரேடியோவில் பெரிதாக வரும் என்றார். என் வீட்டுக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை புரிந்துதான் தலையாட்டினார்.

தையல் மெஷினுக்கு என்று நான் சேர்த்து வைத்திருந்ததைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வேண்டாம் என்றார். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. "கேக்கிற காலத்துல கேட்டுக்குங்க" என்று அவர் முகத்துக்கு நேரே வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே சுட்டது.

மெர்டேக்கா, அதுதான் மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. கடைகளில் கட்டிய புதுக் கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. தவுக்கே முதலில் ஒரு சீமை யுகுலேலேயை எடுத்துக் காட்டினான். ஓரமெல்லாம் முத்துச்சிப்பி பதித்து மணப்பெண் மாதிரி இருந்தது. இவர் அதை வாங்கித் தாடையில் அழுத்தி ஒரு தட்டு தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். தவுக்கே என்னைப் பார்த்தான். காது கேட்காது என்று மலாயில் சொன்னேன். அடுத்ததாக, பிக்கப்பை வெளியே திருகு போட்டு முடுக்கிய ஒன்றைக் கொடுத்தான். அதை ரேடியோவில் மாட்டினால் நரம்பு சத்தத்தோடு திருகு சத்தமும் சேர்ந்து டப்பாவை உருட்டுவது போல் வந்தது. எனக்கே பல் கூசியது.

மூன்றாவதுதான் ஹோட்டல்காரன் யுகுலேலே. பழுப்பு மரம், உள்ளே சிவப்பு ரேகை. நாலு இரும்புக் கம்பி, அதற்கு அடியில் மரத்தோடு மரமாக ஒரு கறுப்புப் பட்டை. அதுதான் பிக்கப். தவுக்கே ஒயரை ஒரு பெரிய ரேடியோவின் பின்னால் குத்திக் குமிழைத் திருகினான். இவர் ஸ்டூலை ரேடியோவிடம் இழுத்துப் போட்டு, அதன் முன்பக்கத் துணியில் காதை ஒட்டிக்கொண்டு கம்பியை வருடினார்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். வெகு நாள் கழித்து வந்த ஆளை வாசலில் பார்த்த முகம். "கேக்குது புள்ள" என்றார். பிறகு ஒரு கல்யாணப் பாட்டு முழுவதையும் வாசித்தார். கடை முழுக்க அது நிறைந்து ரோட்டுக்குப் போனது, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ட்ரைஷாக்காரன் ஒருவன் நின்று எட்டிப் பார்த்தான். சுருதி தப்பிய கம்பியை அவரே கண்டுபிடித்து முடுக்கினார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விலை பேசி முடித்து ட்ரைஷா கூப்பிட நான் வெளியே போனேன். திரும்பிப் பார்த்தால், தவுக்கே குனிந்து யுகுலேலேயைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இவர் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நல்ல சாமான், பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

மறுநாள் சரஸ்வதி பூசை. வருஷா வருஷம் அன்றைக்கு அவர் யுகுலேலேயின் பழைய நரம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது நரம்பு கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து வைப்பார். வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்பது, அதுவரை தொடக் கூடாது. அதே போல இந்தப் புதியதையும் மடியில் போட்டுக்கொண்டு இரும்புக் கம்பிகளைக் கழற்றினார். "அடுத்தவன் கைபட்ட கம்பி, அதைச் சாமிகிட்ட வைக்கிறதா" என்றார். ஆயுசு முழுக்க அவர் கட்டியது நைலான் நரம்புதான். ஆஸ்பத்திரியில் கிடந்து விரல் நுனியெல்லாம் பிள்ளை விரல் மாதிரி ஆகியிருந்தது, இரும்பு அறுக்கவும் செய்தது. நல்ல நைலான் நரம்பாக நாலு கட்டினார்.

நாளும் கிழமையுமாக இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதே ரேடியோவில் மாட்டி வாசியுங்கள், கலைமகள் ஒன்றும் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று சைகையிலும் வாயிலும் சண்டை பிடித்தேன். "ஒரு ராத்திரிதானே புள்ள" என்றார். யுகுலேலே படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. நான் கடலை அவித்தேன்.

விஜயதசமி காலையில் குளித்துத் திருநீறு பூசி, யுகுலேலேயை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எங்கள் வீட்டு ரேடியோவின் பின்னால் ஒயரைக் குத்தினார். நான் அடுக்களையில் இருந்தேன். வாசிப்பு கேட்டது. ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தேன். கடையில் கேட்டது போல் அத்தனை பெரிதாக இல்லை, நல்ல நாளும் அதுவுமாக அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கும் என்று குமிழைக் குறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சுருதி சுத்தமாக இருந்தது. என் அடுக்களைக்குப் பழைய சத்தம் திரும்பி வந்துவிட்டது என்று கும்பிட்டேன்.

அவர் காதை ரேடியோத் துணியில் ஒட்டியிருந்தார். வாசித்தார், நிறுத்தினார். குமிழைத் திருகினார். மறுபடி வாசித்தார். உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். ரேடியோ போட்டால் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும், பெட்டி லேசாக அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "கேக்குதா?" என்றார்.

எனக்குக் கேட்டதே. நன்றாகக் கேட்கிறது என்று சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

இன்னும் ஒரு தடவை வருடினார். "நிஜமா கேக்குதா?" என்றார். சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் என்றேன்.

ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தார். யுகுலேலேயைப் பட்டுத்துணியிலேயே சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "அவ்வளவுதான் புள்ள, முடிஞ்சு போச்சு" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் சாயங்காலம் ரேடியோத் துணியில் காதை ஒட்டிச் செய்தி கேட்கப் பார்ப்பார். அன்றோடு அதையும் விட்டுவிட்டார். பிடில்காரர் வந்து கத்தினால், பேசாதே என்று கையைக் காட்டிச் சிரிப்பார். கேட்க முயல்வதையே நிறுத்திக்கொண்டார். சில மாதத்தில் நிஜமாகவே எல்லாம் போயிற்று, தகரக் கூரையில் விழும் மழைகூட.

அடுத்த வருஷம் அவரேதான் சொன்னார், "அதை வித்துட்டுத் தையல் மெஷின் வாங்கிக்க." வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன்.

தவுக்கே பட்டுத்துணியைப் பிரித்தான். நரம்பை விரலால் தொட்டுப் பார்த்தான். யார் இதைக் கட்டியது என்று கேட்டான். சொன்னேன். அவன் மேசையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஆணிப் பெட்டியில் காட்டினான், ஆணிகள் வந்து ஒட்டின. நைலான் நரம்பில் காட்டினான், அது அசையவில்லை. அந்தக் கறுப்புப் பட்டைக்குள் இருப்பது காந்தம் அக்கா, இரும்புக் கம்பி ஆடினால்தான் அதற்குத் தெரியும், இந்த நரம்பை நாளெல்லாம் மீட்டினாலும் ரேடியோவுக்குள் ஒன்றும் போகாது என்றான். ஒரு நரம்பை அவிழ்த்து இரும்புக் கம்பி ஒன்றை மாட்டி ரேடியோவில் குத்தி வருடினான். கடை முழுக்க அது நிறைந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேனே, கம்பியை மாத்தாதேன்னு. தலையாட்டினாரே" என்றான்.

அவன் மேல் என்ன தப்பு. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் கேட்டது மரத்தின் சத்தம், நல்ல காது உள்ளவர்களுக்குக் கேட்கிற சின்னச் சத்தம். ரேடியோ ஊமையாக இருந்திருக்கிறது. அவர் காதில் அன்றைக்கு இன்னும் உயிர் இருந்திருக்கிறது. எத்தனை மாதத்துக்கு இருந்தது என்று இனி யாரைக் கேட்பது? அத்தனை நாள் சுருதி தப்பியதைச் சரி என்று பொய் சொன்னேன், அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அந்த ஒரு நாள்தான் சத்தியத்தைச் சொன்னேன். அதை நம்பித்தான் அவர் கேட்பதையே விட்டார்.

விற்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையில் துணிமூட்டையைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கலியா? என்ன சொன்னான்?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல சாமானாம், விக்கக் கூடாதாம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கீரைத்தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, கம்போங்குக்கே கேட்கும்படி சொன்னார்.

"சாமான்ல ஒரு குத்தமும் இல்ல. அன்னைக்கு நல்லாத்தான் பேசிச்சு. நீதான் கேட்டியே."

நான் தலையாட்டினேன்.