லைனை யாருக்கும் விடாதீங்க

லெமுவல் கேட்வுட் ஆட்டம் பார்க்க வந்தால் பந்தைப் பார்க்கமாட்டார். கூட்டம் முழுவதும் பந்து போகும் பக்கம் கழுத்தைத் திருப்பும்போது, அவர் பந்து வராத பக்கத்தில் நிற்கும் பையனையே பார்த்துக்கொண்டிருப்பார். "அங்க என்னய்யா இருக்கு, வெறும் புல்லு" என்று நான் கிண்டல் செய்வேன். "புல்லுதான். நீ போய்ப் பந்தைப் பாரு" என்பார். சிரிக்கவும் மாட்டார்.

எங்கள் இருவருக்கும் ஒரே தொழில், வேறு வேறு அணி. மிசிசிப்பி முழுக்கச் சுற்றி, கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம், ஆடும் பையன்களில் எவன் பெரிய அணிக்குத் தேறுவான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதிலும் கேட்வுட்டுக்குக் கண் ரிசீவர்கள் மேல்தான். ரிசீவர் என்பவன் ஓடிப்போய், தூரத்திலிருந்து வீசும் பந்தைக் கையால் வாங்குகிறவன். சாலையோரக் கடைகளில் நாங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து கெளுத்தி மீன் வறுவல் தின்போம். யாருக்கு என்ன மதிப்புப் போட்டோம் என்பதை மட்டும் மூச்சு விடமாட்டோம்.

பையன்களின் வீடுகளுக்கும் போவோம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கிளம்புகிற பிழைப்பு. எங்களில் பலர் போகிற போக்கில் ஆசை வார்த்தை இரண்டைத் தூவிவிட்டு வருவார்கள். கேட்வுட் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவரைச் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், ஆனால் அவரிடம் அதைச் சொன்னதில்லை.

டார்னெல் பிக்கெட்டை அவர் முதலில் பார்த்தது ஒரு நவம்பர் மழையில். யாஸூ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி. ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. பந்து தூக்கிப் போடுகிறவனுக்கு டார்னெல் என்று ஒருவன் இருப்பதே நினைவில்லை. ஆனாலும் அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் சேற்றில் ஓடிப்போய், எதிராளியை மறித்து, தன் கூட்டாளிக்கு வழி உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கேட்வுட் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. மனுஷன் எதையோ கண்டுவிட்டார், நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

டார்னெலின் அப்பா ஹோஸியா பிக்கெட் கெளுத்தி மீன் தொழிற்சாலையில் மீன் அறுக்கும் வரிசையில் நிற்பவர். மனைவி இல்லை. மூத்த மகள் லொரெட்டாவுக்கும் அங்கேயேதான் வேலை. கேட்வுட் போன அன்று ஹோஸியா அவரை வாசலிலேயே மடக்கிவிட்டார்.

"உக்காருங்க சார். சாப்பிடாம என் பையனைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"சாப்பாடு போட்டா நல்லதா எழுதிடுவேன்னு பாக்கறீங்களா?"

"பசியோட எழுதறவன் கடுகடுன்னுதான் எழுதுவான். அதுக்குத்தான்."

"அப்பா, தம்பியைப் பாக்க வந்தவரு உங்ககிட்டயே மாட்டிக்கிட்டாரு, பாவம்" என்றாள் லொரெட்டா, சோள ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே.

கேட்வுட் சாப்பிட்டு முடித்துவிட்டு, உள்ளதைச் சொன்னார். "உங்க பையனுக்கு வேகம் பத்தாது பிக்கெட்."

"தெரியும் சார். எங்க பரம்பரையிலயே வேகமா ஓடினவன் எவனும் கிடையாது. ஆனா இவன் கையில விழுந்தது கீழ விழாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பணம் காசு எல்லாம் அப்புறம் சார். அவன் பேரை அவங்க ஒரு தடவை கூப்பிடணும். அதை நான் உக்காந்து கேக்கணும். அவ்வளவுதான்."

 அன்று மாலை கேட்வுட் கடையில் என்னோடு உட்கார்ந்து மீன் வந்ததும், ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

ஏப்ரலில் ட்ராஃப்ட் வரும். எல்லா அணிகளும் முறை வைத்துக்கொண்டு, கல்லூரிப் பையன்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி எடுத்துக்கொள்ளும் திருவிழா. சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஏழு சுற்று. அதற்கு முந்தின வாரம் எங்களுக்கு ஒரு சில்லறை வேலை உண்டு. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் போன் போட்டு, அன்றைக்கு எந்த எண்ணில் கிடைப்பான் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கில் கேட்போம். எடுக்கப்போவது விரல் விட்டு எண்ணும் பேரை. செல்போன் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. அந்த ஒரு போனை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் பாயசம் காய்ச்சாத குறையாகக் காத்திருந்தன என்பதை எந்த அணியும் நினைத்துப் பார்த்ததில்லை.

கேட்வுட் கூப்பிட்டபோது எடுத்தது ஹோஸியா.

"இதே நம்பர்தான் சார். வீட்ல இருக்கறது இது ஒண்ணுதான்."

"சரி. ஞாயித்துக்கிழமை லைனை யாருக்கும் விடாதீங்க."

"அப்போ... சார்?"

"அப்போவும் இல்ல, இப்போவும் இல்ல. எல்லார்கிட்டயும் சொல்றதுதான் பிக்கெட்."

"எல்லார்கிட்டயும் சொல்றதை ஏன் சார் இவ்வளவு மெதுவா சொல்றீங்க?" என்று ஹோஸியா சிரித்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்ததை லொரெட்டா பிற்பாடு எனக்குச் சொன்னாள். சர்ச் ஆட்கள் ஒருவரும் போன் செய்யக்கூடாது, வீட்டுக்கும் வரக்கூடாது என்று ஹோஸியா உத்தரவு. போதகருக்கும் சேர்த்துத்தான். டிவியில் ட்ராஃப்டைப் போட்டுவிட்டு, போனைத் தூக்கித் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மதியம் ஐந்தாம் சுற்று ஓடும்போது இடது கையைத் தேய்க்க ஆரம்பித்தார். சட்டை நனைந்துவிட்டது.

"அப்பா, ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"போனைத் தொட்டே, அவ்வளவுதான். வாயுடி இது. காலைல தின்ன மீனு."

"அப்போ காருல ஏறுங்க."

"காருல போன் இருக்கா? இந்தச் சுத்து முடியட்டும்."

அந்தச் சுற்று முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. டார்னெல் எழுந்து அவரைத் தூக்கவே போனான். "உக்காருடா. நீ இல்லாத நேரம் பாத்து அவங்க கூப்பிட்டா?" என்று அந்த நிலையிலும் அதட்டினார். ஒரு கை போன் ரிசீவர் மேலேயே இருந்தது.

அதே நேரத்தில் கேட்வுட் அணியின் கட்டடத்தில், இருபது பேர் உட்கார்ந்த அறையில், சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த அறையில் அவர் வாயைத் திறந்ததே கிடையாது என்பார்கள். ஆறாம் சுற்றில் அணி நிர்வாகத்தின் தலைவர் வேறு ஒரு ஓட்டக்காரனை எடுத்துவிட்டார். ஏழாவதில் முறை வந்ததும் கேட்வுட் முன்னால் வந்தார்.

"பிக்கெட்டை எடுங்க. அவனை எடுக்கலைன்னா அடுத்த வருஷம் வேற ஆளை அனுப்புங்க."

அறையே திரும்பிப் பார்த்தது. தலைவர் சிரித்துவிட்டார். "ஊமைக்கும் வாய் வந்துடுச்சு. சரிய்யா, உன் கெளுத்தி மீன் பையனையே எடு. நீயே கூப்பிடு."

முதல் மணியிலேயே டார்னெல் எடுத்தான். பெயரைச் சொல்வதற்கு முன்னால் எல்லா அணிகளும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேட்வுட் அதையே கேட்டார். "உடம்பு நல்லா இருக்கா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

டார்னெல் அப்பாவைப் பார்த்தான். சொல்லு, சொல்லு என்று ஹோஸியா கையாட்டினார்.

"எல்லாரும் நல்லா இருக்கோம் சார்."

பிறகு அணியின் அறையில் போன் ஒவ்வொருவராகக் கை மாறியது. அது வழக்கம். தலைவர் வாழ்த்தினார், பயிற்சியாளர் வாழ்த்தினார், முதலாளியின் ஆள் ஒருவர் பையன் பெயரைத் தப்பாகச் சொல்லி வாழ்த்தினார். ஆளுக்கொரு ஜோக். டார்னெல் எல்லாவற்றுக்கும் "தேங்க் யூ சார், தேங்க் யூ சார்" என்று சொல்லிக்கொண்டே நின்றான். வைக்கிறேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை அவனுக்கு. இருபத்திரண்டு வயதுப் பையன், வேறென்ன செய்வான்? டிவியில் அவன் பெயரைச் சொன்னார்கள். ஹோஸியா கேட்டார் என்று லொரெட்டா சத்தியம் செய்கிறாள்.

கடைசியில் போன் கேட்வுட்டிடம் திரும்பி வந்தது. "அப்பாகிட்ட குடுப்பா."

டார்னெல் ரிசீவரை அப்பாவின் காதில் வைத்தான்.

"பிக்கெட்! என்னய்யா, வாயே மூடாத மனுஷன், பேச்சையே காணோம்? சாப்பாடு போட்டது வீண் போகல, பாத்தீங்களா?"

மூச்சு மட்டும் கேட்டது. கேட்வுட் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அழறாரு" என்று அறையைப் பார்த்துச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லையாம். எல்லோரும் கை தட்டினார்கள். கையை எடுத்துவிட்டு மறுபடி காதில் வைத்தபோது லொரெட்டாவின் குரல்.

"சார், போனை வைங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். எங்களுக்கு லைன் வேணும்."

வண்டி யாஸூ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் ஹோஸியா போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. பிடிவாதக்காரக் கிழவர் என்று ஹோஸியாவைத் திட்டிப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. அடக்கத்தன்று கேட்வுட் சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லொரெட்டா அவரிடம் வந்து நின்றாள். "நீங்க கெட்டது நினைக்கலைன்னு தெரியும் சார். ஆனா எங்கப்பா நீங்க சொன்னதைத்தான் செஞ்சாரு." அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆகஸ்டில் அணி டார்னெலைக் கழித்துவிட்டது. வேகம் போதாதாம். விமானச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். கேட்வுட் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் காரிலேயே அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அவர் எந்த மைதானத்துக்கும் வரவில்லை.

கொண்டுவந்து விட்ட அன்று லொரெட்டா இருவருக்கும் சாப்பாடு வைத்தாள். டார்னெல் தலை குனிந்து சாப்பிட்டான். பாதியில் உள்ளே போன் அடித்தது. அக்காவும் தம்பியும் அசையவில்லை. அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்க, கேட்வுட் எழப் போனார்.

"விடுங்க சார்" என்றாள் லொரெட்டா. "நாங்க அதை எடுக்கறதில்ல. அவசரம்னா நேர்ல வருவாங்க."