பூனையின் காதில் அதிர்ஷ்ட எண்

லம்துவானின் பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்று எங்கள் சந்தில் சிரிக்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். தாய்லாந்தில் எங்கள் பெட்சபுரியில் சர்க்கரை வியாதி ஒரு செய்தியே இல்லை. பனஞ்சர்க்கரை, முட்டை, தேங்காய்ப்பால் மூன்றையும் அடித்துத் தட்டில் ஊற்றிச் சுட்டெடுக்கும் மோகேங்தான் ஊருக்கே சோறு போடுகிறது. சோறு போட்ட கையோடு மாத்திரையும் போடவைக்கிறது. ஆனால் பூனைக்கு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. "முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் வித்தா. மிச்சம் இருந்ததை வீட்டுலயே வெச்சுக்கிட்டா," என்று முடிதிருத்தும் தவீ சொன்னதை, அன்று கடைக்கு வந்த ஒவ்வொரு தலையும் கேட்டுவிட்டுத்தான் போனது.

தவீ அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. லம்துவானிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் சந்தில் ஒருவரும் இல்லை. அவள் புருஷன் ஹுவாஹினுக்குத் தேங்காய் வாங்கப் போனவன், தேங்காயை அனுப்பிவிட்டுத் தோப்புக்காரியோடு தங்கிவிட்டான். ஆறுதல் சொல்லப் போன பெண்களிடம், "உங்க வீட்டுல இருக்கறதுங்க மட்டும் என்ன கிழிக்குது?" என்று கேட்டு அனுப்பிவிட்டு, மறுநாளே மோகேங் விலையை ஏற்றினாள். பிள்ளை குட்டி இல்லை. ஒரு மழைக்காலத்தில் ஆறிப்போன அடுப்புக்குள் வந்து ஒண்டிய செம்பட்டைப் பூனைக்குத் தோங் என்று பேர் வைத்தாள். தோங் என்றால் தங்கம். அந்த வாயிலிருந்து "என் தங்கமே" என்ற வார்த்தை வந்ததை நாங்கள் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். பெற்ற தாய்க்குக்கூட அவள் அதைச் சொன்னதில்லை என்பார்கள்.

தட்டுகளின் ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டிச் சுரண்டித் தோங்குக்கு வைப்பாள். பூனைக்கு இனிப்பு தெரியாதாம். முட்டையும் தேங்காய்ப்பாலும் தெரியுமே. தின்று தின்று அது வாசலை அடைத்துக்கொண்டு படுக்கும் அளவுக்கு ஆயிற்று. பிறகு திடீரென்று இளைத்தது. வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தது. அடுத்த வீட்டுப் பிரனோம் ஆசையாக வளர்த்த துளசித் தொட்டியில் நாளெல்லாம் நனைத்துக்கொண்டே இருந்தது. தொட்டியில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து முதலில் விஷயத்தைச் சொன்னவளும் பிரனோம்தான். அவள் வாழைப்பழம் சுட்டு விற்கிறவள். எங்கள் சந்திலேயே பக்கத்தில் பெட்டி வைத்துக் கட்டிய மோட்டார் சைக்கிள் அவளிடம்தான் உண்டு. அதில் பூனையையும் லம்துவானையும் ஏற்றிக்கொண்டு போய் மிருக டாக்டரிடம் காட்டினாள்.

டாக்டர் சின்னப் பெண். தினம் இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு இன்சுலின் ஊசி, காது ஓரத்தில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் சர்க்கரை பார்ப்பது, தான் தரும் டின் உணவைத் தவிர வேறொன்றும் வாயில் படக்கூடாது என்பது, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். முதல் நாள் பிரனோம் பூனையைப் பிடித்துக்கொள்ள, லம்துவானின் கை நடுங்கி ஊசி மருந்து துண்டுக்குப் போயிற்று. சந்தையே நடுங்கவைத்த கை அது. ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். தோங் ஊசியைச் சட்டை செய்யவே இல்லை. டின் உணவைத்தான் அவமானமாக எடுத்துக்கொண்டது.

வினை வந்தது அந்த மெஷினால். ஒரு நாள் காலை அது காட்டிய எண்ணைப் பார்த்துப் பதறி, "ஐயோ, நானூத்திப் பதினேழு," என்று லம்துவான் அலறிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பழம் சுட்டுக்கொண்டிருந்த பிரனோமின் காதில் விழுந்தது. எங்கள் ஆட்களுக்கு மூன்று எண் சேர்ந்து காதில் விழுந்தால் அது எண் அல்ல, ஏவல். மாதம் இரண்டு தடவை நடக்கும் லாட்டரிக் குலுக்கலுக்கு முந்தின நாள் வேறு. பிரனோம் அந்த எண்ணில் பணம் போட்டாள். கடைசி மூன்று எண் நானூற்றுப் பதினேழு என்று மறுநாள் மாலை ரேடியோ சொன்னது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? மரப்பட்டையில் பவுடர் தேய்த்து எண் தேடுகிறவர்கள், மரத்தை விட்டுவிட்டுப் பூனையைத் தேடி வந்தார்கள். வந்த கையோடு அதன் வயிற்றிலும் பவுடர் தேய்த்துப் பார்த்தார்கள். சாமந்தி மாலை போட்டார்கள். சாமிக்கு வைப்பதுபோல் சிவப்பு சோடாவைத் திறந்து, குடிக்கக் குழலும் போட்டு வைத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரன் முன்னால் சோடா வைத்துக் கும்பிட்ட ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான் இருக்கும்.

லம்துவான் துடைப்பத்தை எடுத்து எல்லோரையும் விரட்டியிருக்க வேண்டும். முதல் நாள் எடுத்தாள். இரண்டாம் தடவை, துடைப்பம் கையில் இருந்தாலும் வாய் எண்ணைச் சொன்னது. லாட்டரி ஆடுகிறவர்களை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவள், குலுக்கலுக்கு முந்தின காலையில் தலைவாரிப் பூப்போட்ட சட்டை உடுத்தி வாசலுக்கு வந்து எண் சொல்ல ஆரம்பித்தாள். கோயிலில் முன்வரிசையில் அவளுக்குப் பாய் போட்டார்கள். தவீ எழுந்து நின்று "அக்கா, உக்காருங்க," என்றார். புருஷன் ஓடிப்போனவள் என்ற பேர் போய், பூனைக்காரம்மா என்ற பேர் வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அறுபத்திரண்டு வயது வரை ஒரு மனுஷியை யாரும் உட்காரச் சொல்லவில்லை என்றால், சொல்லும்போது உட்காரத்தான் தோன்றும்.

சிக்கல் என்னவென்றால் தோங்குக்கு உடம்பு தேறியது. மருந்து வேலை செய்து எண் இறங்கியது. முன்னூறு இருநூறாயிற்று, இருநூறு நூறுக்கு வந்தது, ஒரு நாள் தொண்ணூற்றாறு என்று காட்டியது. லம்துவான் தோங்கின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வாசலில் நின்றவர்களின் முகம்தான் இழவு வீட்டு முகமாயிற்று. இரண்டு எண்ணுக்கு என்ன கிடைக்கும், பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கக்கூடக் காணாது என்று முனகிக்கொண்டே கலைந்தார்கள். அடுத்த தடவை கோயிலில் அவளுக்குப் பாய் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு எண் ஏறத் தொடங்கியது. குலுக்கல் நெருங்க நெருங்க ஏறும். லம்துவான் டாக்டருக்குப் போன் செய்தாள். வெளியில் ஏதாவது தின்கிறதா பெரியம்மா என்று டாக்டர் கேட்டாள். இந்தக் கேள்விக்கு லம்துவானிடம் பதில் இருந்தது. காலையில் ஊசி போடக் குனிந்தபோதெல்லாம் தோங்கின் மீசையில் மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது. சந்தில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற பண்டம்தான், அவள் வீட்டிலேயே செய்கிற பண்டம்தான். சட்டை நுனியால் துடைத்துவிட்டு, "என் வீட்டுல எறும்புக்குக்கூட ஒண்ணும் சிந்தறதில்ல டாக்டர்," என்றாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இங்கே பூனை திறந்த கண்ணோடுதான் இருந்தது. டாக்டர் அந்தப் பேச்சை நம்பி மருந்தைக் கொஞ்சம் கூட்டினாள். அடுத்த முறையும் கூட்டினாள். கோயிலில் மறுபடி பாய் விழுந்தது.

மழை முடிந்து பிக்குகளுக்கு வஸ்திரம் சாத்தும் மாதம் வந்தது. சந்தே பஸ் பிடித்து வடக்கே ஒரு பெரிய கோயிலுக்குப் புண்ணியம் தேடப் போயிற்று. போன இடத்தில் புண்ணியத்தோடு எண்ணும் கிடைக்கும் என்று பேச்சு. ஊசிக்காக லம்துவான் மட்டும் போகவில்லை. இரண்டு நாள் சந்தில் ஈ காக்கை இல்லை. தோங்குக்கு டின் உணவைத் தவிர வைக்க ஆளில்லை. ஊசி மட்டும், சந்து முழுவதும் ஊட்டிய காலத்து அளவிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை பஸ் திரும்பியது. அன்றே குலுக்கல். மூட்டையை வீட்டில் வைக்காமல் எல்லோரும் நேராக லம்துவான் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே தோங் எழுந்து நிற்கப் பார்த்து, பின்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. தாடை வெட்டி வெட்டி இழுத்தது. கண் திறந்திருந்தும் அவளைப் பார்க்கவில்லை. காதில் குத்தி மெஷினில் வைத்தாள். முப்பத்தெட்டு. பயத்தில் அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"முப்பத்தெட்டா? நல்லாப் பாத்தியாக்கா?" என்று பிரனோம் வாசலிலிருந்து கேட்டாள்.

"பிரனோம், வண்டிய எடு. தோங் போயிடும்போல இருக்கு."

"இதோ வந்துடறேன் அக்கா. லாட்டரி எழுதறவன் பத்து மணிக்குக் கடையைச் சாத்திடுவான்."

இரண்டு எண்ணானாலும் சாகக்கிடந்து சொன்ன எண் தப்பாது என்று கூட்டம் கலைந்த வேகம் இருக்கிறதே, தீ விபத்து என்றாலும் அப்படிக் கலையாது. பக்கப்பெட்டியில் தவீயை ஏற்றிக்கொண்டு பிரனோமின் வண்டி எதிர்த்திசையில் போயிற்று. லம்துவான் அடுப்படியிலிருந்த பனம்பாகை விரலில் எடுத்து, தோங்கின் ஈறில் தடவினாள். மறுபடி தடவினாள். பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்புப் போட மறந்து, பெரிய ரோட்டுக்கு ஓடினாள். அவள் அழுதாள். நான் பார்த்தேன், புருஷன் போனபோது அழாததையும் சேர்த்து அழுதாள்.

டாக்டர் ஊசிக்குழாய் போட்டு குளுக்கோஸ் ஏற்றினாள். வெகு நேரம் கழித்துத் தோங் தலையைத் தூக்கி, டாக்டரின் கையைக் கடித்தது. பிழைத்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. கைக்கு மருந்து போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டாள்.

"பெரியம்மா, இவ்வளவு மருந்து இதுக்குத் தேவையே இல்ல. யாரோ தின்னக் குடுத்துட்டு இருந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

லம்துவான் தரையைப் பார்த்தபடி தெரியும் என்று சொன்னாள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாலையில் பூனையோடு சந்துக்குள் வந்தபோது தவீயின் கடை வாசலில் எல்லோரும் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தார்கள். குலுக்கலில் வந்தது எண்பத்து மூன்று. தவீ எழுந்து நிற்கவில்லை. "ஏன்க்கா, எண்ணைத் திருப்பியும் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மட்டும் வருத்தமாகக் கேட்டார். துண்டுக்குள் இருப்பது உயிரா பிணமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

லம்துவான் நேராகப் பிரனோமிடம் போனாள்.

"நீதானடி போட்ட? என் பூனைக்கு நீதானே மோகேங் போட்ட?"

பிரனோம் மறுக்கவில்லை. அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, பூனைக்கா பணத்துக்கா என்று சொல்ல முடியாது.

"நான் போட்டேன். தவீ போட்டாரு. எல்லாரும்தான் போட்டோம். மறுநா காலையில அது மீசையத் துடைச்சு விட்டது யாருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் தினமும் பார்த்திருக்கிறாள். லம்துவான் தோங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் மோகேங் சுடவில்லை.

இப்போதும் இரண்டு வேளையும் குத்துகிறாள், பார்க்கிறாள், போடுகிறாள், மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாயிற்று. மெஷினைக் கையால் மூடிக்கொண்டுதான் பார்க்கிறாள். கோயிலில் தன் பாயைத் தானே கொண்டுபோய்க் கடைசி வரிசையில் போட்டுக்கொள்கிறாள். குலுக்கல் நெருங்கினால் இன்னமும் யாராவது ஒருவர் வேலையே இல்லாமல் அந்த வாசல் பக்கம் போய், பூனை எப்படி இருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார்.

"நல்லாயிருக்கு," என்பாள் லம்துவான்.

"எவ்வளவு நல்லாயிருக்கு?" என்று கேட்பார்கள்.