மற்றப் பெண் இல்லாத பாட்டு

யுத்த காலத்தில் எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டுவதென்றால் இராணுவ முகாமில் அனுமதி எடுக்கவேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் பெயர், மண்டபம், நேரம், பாடுகிறவர்களின் அடையாள அட்டை இலக்கம், அவர்கள் பாடப்போகும் பாட்டுகளின் பட்டியல். எல்லாம் ஆங்கிலத்தில், மூன்று பிரதிகள். துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் அந்த விண்ணப்பங்களை எழுதியது நான். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள் இல்லை. அப்பா சாகும்வரை கப்பலில் மூட்டை இறக்கினார், சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தார். அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவார். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று அப்பாவின் வேலைக்குப் போனார். யாராவது என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினால், வாசிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தாமதிப்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும்.

அண்ணனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கல்யாண வீடுகளில் பாடும் ஒரு சிறிய குழுவில் அவர்தான் பாடகர். அவர் பெயர் எடுத்தது அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பழைய சோல், ஃபங்க் பாட்டுகளில். கப்பல்காரர்கள் இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டு இறால் வாங்கிப்போன ஒரு காலம் இருந்தது. அந்தத் தட்டுகளில் மிஞ்சியவை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கசெற் பதிவு செய்யும் கடையில் இருந்தன. கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், எல்லாருக்கும் நானா. அண்ணன் அவரிடம் பாட்டைப் பதிந்து வாங்கி வருவார். நான் திரும்பத் திரும்பக் கேட்டு, ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொடுப்பேன். அர்த்தம் தெரியாமல், ஆனால் தட்டில் பாடியவர் மூச்சு வாங்கும் இடம்கூடப் பிசகாமல் அண்ணன் பாடுவார்.

அப்படி அவர் வருடக்கணக்காகப் பாடியது ஒரு பாடகியின் பாட்டு. அதன் தாளம் கேட்டால் கிழவர்களும் கதிரையில் இருந்து எழும்புவார்கள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டார். பாண் வாங்கப் போன புருசன் திரும்பி வரவில்லை, எந்தத் தெருவில் நிற்கிறாய் என்று பெண்சாதி தேடுகிறாள், அவன் மற்றப் பெண்ணின் வீட்டில் இருக்கிறான், அது அவளுக்கும் தெரியும் என்று சொன்னேன். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அவர்களுடைய குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர் தம்பலகாமத்துக்காரர். நான்கு மாதத்துக்கு முன்னர் கண்டி வீதியில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் அவரை ஆமி ஏற்றிக்கொண்டு போனது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அவருடைய தாய் ஏறாத முகாம் இல்லை. ட்ரம்ஸ்காரர் போனபின் குழு கீபோர்டில் இருந்த ரிதம் பெட்டியை வைத்துத்தான் சமாளித்தது.

“இதைத் தமிழில எழுது,” என்றார் அண்ணன். “அந்த மற்றப் பொம்பிளையை எடுத்துப்போடு.”

எழுதுவதற்கு முன்னரே அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த முறை நாங்கள் இருவரும் கடைக்குப் போனபோது நானா சிரிக்கவில்லை. பழைய பாட்டைப் பிடித்துப் புதிதாக்குகிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கொழும்பிலிருந்து வரும் புதுக் கசெற்றுகளில் பாதி அப்படித்தான், பழைய பாட்டுக்கு மெஷின் தாளம் போட்டு யாரோ ஒரு பெடியன் பாடியிருப்பான். அவற்றை விற்பார், ஆனால் கடையில் போடமாட்டார். அந்தப் பாடகி எதை இழந்து அதைப் பாடினாளோ அது அவளுடையது, அதில் எங்கள் சாமானைக் கொண்டுபோய் வைக்க எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டார். நான் விடவில்லை. அவளும் யாரோ ஒருவரின் பாட்டைக் கேட்டுத்தான் தன் பாட்டைக் கட்டியிருப்பாள், திரும்பப் பாடாத பாட்டு தட்டிலேயே செத்துப்போகும், ஆங்கிலம் தெரியாத சனத்துக்கு அது வெறும் சத்தம், தமிழில் பாடினாலும் அது அதே பாட்டுத்தான் என்று வாதாடினேன். படித்தவள் என்பதால் என் குரல் கொஞ்சம் உயர்ந்தும் இருந்தது.

நானா தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி, பழைய பாட்டுக்கு என்ன அர்த்தம் எண்டு எல்லாருக்கும் தெரியும். புதுசுக்கு என்ன அர்த்தம் எண்டு ஆரும் வந்து கேட்டா, ஆர் பதில் சொல்றது?”

“டீச்சர் சொல்லுவா,” என்று அண்ணன் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி என்னைக் காட்டினார்.

மூன்று நாளில் எழுதிவிட்டேன். மெட்டும் முதல் வரியும் அப்படியே. மற்றப் பெண்ணை எடுத்துவிட்டு அவள் இருந்த இடத்தில் ஒரு வாகனத்தை நிறுத்தினேன். ஆளை ஏற்றிப்போக விடியற்காலை வாசலில் வந்து நின்று, இயந்திரத்தை அணைக்காமல் காத்திருக்கும் வாகனம். அதன் நிறத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

சல்லிக் கிராமத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் அண்ணன் அதை முதன்முதலாகப் பாடினார். தாளம் அதே தாளம். பிள்ளைகள் ஆட வந்தார்கள். பாட்டின் இரண்டாவது சரணம் தொடங்கியதும் பெரியவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இருத்தினார்கள். பாட்டு முடிந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இறக்கக்கண்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, அந்தப் பாட்டை ஆர் பிள்ளை எழுதினது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட விடவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, அவர் ஏன் பிடித்திருக்கிறார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் விருப்பப் பாட்டுக் கேட்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு துண்டுக் கடதாசியில் பாட்டையும், யாருக்காக என்பதையும் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். பாடகர் பெயரை வாசித்துவிட்டுப் பாடுவார். மச்சானைச் சீண்டவும், பெண்ணின் தோழிகளுக்குச் சைகை காட்டவும்தான் அதுவரை அந்தத் துண்டுகள் பயன்பட்டன. அந்தப் பாட்டுக்குப் பிறகு வேறு பெயர்கள் வரத் தொடங்கின. அண்ணன் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வாசித்தார். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் ஒருவரும் மண்டபத்தில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நானா அதன்பின் என்னைக் கண்டால் கதைப்பதில்லை. ஆனால் சனம் கேட்டு வருகிறது என்று கல்யாணத்தில் பதிந்த கசெற்றை அவரும் பிரதி எடுத்து விற்றார். உறையில் எதையும் எழுதவில்லை.

விண்ணப்பத்தில் அந்தப் பாட்டை நான் ஆங்கிலப் பெயரிலேயே எழுதினேன். அது அதே பாட்டுத்தான் என்று நானாவிடம் வாதாடியவள் அல்லவா. ஆங்கிலப் பாட்டுகளை முகாமில் யாரும் விசாரிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் எது முதல் காரணம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் நகரத்துப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கல்யாணம். பொழுதுபட முன்னர் எல்லாரும் வீடு சேரவேண்டும் என்பதால் மதியத்துக்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். அண்ணன் துண்டுகளை வாசித்துப் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு இராணுவ அதிகாரி நான்கு பேருடன் உள்ளே வந்தார். கையில் நான் எழுதிய பட்டியலின் பிரதி. முன்வரிசையில் இருந்தவர்கள் கதிரையை ஒதுக்கினார்கள். அவர் இருக்கவில்லை. காலால் மெதுவாகத் தாளம் போட்டார். பிறகு கால் நின்றது. பட்டியலைப் பார்த்தார். பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து, பாடகரையும் பட்டியல் எழுதியவரையும் கூப்பிட்டார்.

எங்களைக் கொண்டுபோனது முதலாம் வகுப்பு அறைக்கு. அங்கிருந்த கதிரைகள் முழங்கால் உயரம். அதிகாரி மேசையில் அமர்ந்தார், நாங்கள் நின்றோம். வாசலில் ஒரு சிப்பாய். அவனை எனக்குத் தெரியும். சந்தைக் காவலரணில் அம்மாவின் பையைச் சோதிக்கும்போது நல்ல தமிழில் கதைப்பவன்.

அதிகாரி என்னுடன் ஆங்கிலத்தில் கதைத்தார். குரலில் கோபம் இல்லை. இந்தப் பாட்டின் இசைத்தட்டு தன் தமையனிடம் இருந்தது, பாடசாலை நாட்களில் தான் ஆடப் பழகியது அதற்குத்தான் என்றார். பிறகு பட்டியலில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“இது அந்தப் பாட்டா, வேறு பாட்டா?”

நானாவின் கடையில் நான் வெற்றியோடு பதில் சொன்ன அதே கேள்வி. அதே பாட்டு என்றால் வரிகளின் அர்த்தத்தைச் சொல்லவேண்டும். வேறு பாட்டு என்றால் அனுமதி இல்லாத ஒன்றை அண்ணன் ஒலிபெருக்கியில் பாடியிருக்கிறார். அதற்காக அவரை ஏற்றிப்போக அவர்களுக்கு ஒரு கையொப்பமும் தேவையில்லை. அதே பாட்டுத்தான், தமிழில் பாடினோம் என்றேன்.

யார் எழுதியது என்று கேட்டார். ஆங்கிலம் தெரியாமலே அண்ணனுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் தன் நெஞ்சைத் தொட்டார்.

“நான்தான் சேர் எழுதினனான்.”

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். ஆனால் உள்ளதை எழுதுகிறேன்: அந்தப் பயத்துக்கு நடுவிலும், என்னுடைய வரிகளை எட்டாம் வகுப்புப் படித்தவர் தன்னுடையது என்கிறாரே என்று ஒரு கணம் எனக்குச் சுட்டது.

அதிகாரி ஒரு பேனையை நீட்டி எழுதிக்காட்டச் சொன்னார். அண்ணன் குனிந்து, பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு சொல்லாக எழுதினார். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கடதாசியை வாங்கிப் பார்த்து, தமிழ் வாசிக்கத் தெரியாத அதிகாரி அதை என்னிடம் தந்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்.

நான் பழைய பாட்டைச் சொன்னேன். கண்ணைத் தமிழ் வரிகளில் வைத்துக்கொண்டு, வாயால் அந்தப் பாடகியின் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். இரண்டாவது சரணத்தில் வாகனத்தை எடுத்துவிட்டு மற்றப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அவளுடைய வீட்டுக் கதவு, அவளுடைய சிவப்புச் சட்டை எல்லாவற்றையும் வைத்தேன். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு உதட்டுக்குள் பாடினார். வாசலில் நின்ற சிப்பாய் என் கையிலிருந்த கடதாசியை வரி வரியாகப் பார்த்தான். அண்ணனின் எழுத்து அவ்வளவு பெரிது.

பிறகு அண்ணனின் சட்டைப் பையிலிருந்து துண்டுகளை எடுக்கச் சொன்னார். இவர்கள் யார் என்று கேட்டார். பாட்டைக் கேட்டவர்கள் என்றேன். நல்லது என்று அடுக்கித் தன் கோப்புக்குள் வைத்தார். அந்த நேரத்தில் நான் செய்தது எனக்கு விளங்கவில்லை. காணாமல்போன பிள்ளைகளின் பெயர்களை, கல்யாணத்தில் இருந்து பாட்டுக் கேட்டவர்கள் என்று சொல்லி அவர் கையில் கொடுத்திருந்தேன்.

போக எழும்பியபோது அதிகாரி சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. பழைய பாட்டுகளை இப்படிக் கெடுக்கக்கூடாது, அவற்றை அவை இருந்தபடியே விடவேண்டும். நானாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அவர் அந்தப் பாட்டின்மேல் வைத்த அன்பினால் சொன்னார். இந்த அதிகாரியும் அன்பு வைத்திருந்தார் என்பதுதான் என்னைப் பயப்படுத்தியது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு அண்ணன் முகாமுக்கு வந்து அதை ஒழுங்காக, ஆங்கிலத்தில் பாடவேண்டும் என்றார். வாசலைத் தாண்டும்போது சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவன் குறுகிய ஒரு பதில் சொன்னான். எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் அது பிடிபடவில்லை.

சனிக்கிழமை அம்மாவும் நானும் முகாம் வாசலுக்கு எதிரே நிழல் இல்லாத இடத்தில் நின்றோம். நிழலில் நிற்க விடமாட்டார்கள். மூன்று மணிபோல மதிலுக்கு மேலால் அண்ணனின் குரல் வந்தது. ரிதம் பெட்டிகூட இல்லை, குரல் மட்டும். நான் கொப்பியில் எழுதிக்கொடுத்தபடி, ஒரு சொல் பிசகாமல், பழைய பாட்டு. ஆனால் அதைப் பழையதாகக் கேட்க என்னால் ஏலவில்லை. இரண்டாவது சரணத்தில் சிவப்புச் சட்டைக்காரி வந்தபோது எனக்கு வாசலில் நின்ற வாகனத்தின் உறுமல்தான் கேட்டது. ஒரு பாட்டை ஒருமுறை மாற்றிவிட்டால் அதைத் திருப்பி வைக்க முடியாது என்று அப்போது விளங்கியது. அதை எங்கேயும் யாரிடமும் வாதாட எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் கேட்டது. அதன் பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு கையாக முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னர் அண்ணன் வெளியே வந்தார். ஒரு காயமும் இல்லை. தேத்தண்ணி தந்தார்கள் என்றார். அம்மா அழுதுவிட்டு, பொழுதுபட முன்னர் போகவேண்டும் என்று எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். அண்ணன் என் பக்கத்தில் வந்து, தலையைத் திருப்பாமல் கதைத்தார்.

“அடுத்த சனியும் வரட்டாம்.”

“இதே பாட்டா?”

“இல்லை. தமிழ்ப் பாட்டு.” கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னார். “எழுதினவரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

காவலரணைத் தாண்டியபின், என்னை நாளைக்கே கொழும்பு பஸ்ஸில் ஏறிவிடச் சொன்னார். அங்கே அறையெடுத்து வேலை தேடலாம், தான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்றார். அண்ணன் பொய் சொல்லும்போது எப்படி இருப்பார் என்பதை நான் முதலாம் வகுப்பு அறையில் பார்த்திருந்தேன்.

“ஏலாது அண்ணா,” என்றேன். “நான் வராட்டி உங்களை விடமாட்டினம்.”

அம்மா திரும்பி, ஏன் இருவரும் பின்தங்கிறீங்கள் என்று கேட்டார். கால் நோகிறது என்றேன். எங்களுக்காக நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மறுபடியும் நடந்தார்.