கஸ்தூரி எடுத்துப்போன புல்

காலையில் வேலைக்கு வந்ததும் ஸ்பிரேயரைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம். முந்தின நாள் எனக்கு விடுப்பு; தெளிக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் தோட்ட சூப்பர்வைசராக நான் சேர்ந்த புதிது. வாசலில் பெரிய அருகம்புல் லான். உப்புத் தண்ணீராலும் தூசியாலும் அது பழுத்துக்கொண்டே வந்தது. நான் ஹியூமிக் அமிலமும் கடல்பாசிச் சாறும் மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தேன். அவை முதலில் வேரைத்தான் தேற்றும். பச்சை நிதானமாகத்தான் வரும். வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று மேனேஜருக்கு அவசரம்.

தோட்டக்காரர் ஏழுமலையிடம் கேட்டேன்.

"மேனேஜர் சார் ஒரு பாட்டில் குட்த்தாரு மேடம். வளர்ச்சி ஹார்மோனாம். நேத்து சாயந்தரமே அடிச்சிட்டேன்."

"இன்னைக்குப் புல் வெட்டினீங்களா?"

"மெஷின் ஓட்டிட்டேன். கஸ்தூரி வந்து மூட்டை கட்டினு போயிட்டா."

கஸ்தூரி பின் சந்தில் இரண்டு மாடு வைத்துப் பால் விற்பவர். வெட்டின புல்லை அவர்தான் எப்போதும் எடுத்துப்போவார். பாட்டிலைப் பார்த்தேன். ஜிப்ரலிக் அமிலம் என்று பெரிதாக இருந்தது. அதன்கீழ் 'மற்றும் சில சத்துகள்'. அதை விற்ற கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"எல்லாம் ஹார்மோன்தாங்க. ஜிப்ரலிக்கால ஒண்ணும் ஆகாது."

"மத்த சத்துன்னா என்னென்ன?"

"அது கம்பெனி பார்முலா மேடம். எங்களுக்கே தெரியாது."

போனை வைத்ததும் சந்துக்கு ஓடினேன். சினை மாட்டின் முன்னால் புல் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. கறவை மாடும் மென்றுகொண்டிருந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கஸ்தூரி மீதிப் புல்லை வாரி வெளியே போட்டார். பிறகுதான் பேசினார்.

"ஹார்மோனா? பால் எறங்க ஊசி போடுன்னு எத்தினி பேரு சொன்னாங்க. ஒரு தபா போட்டதில்ல மேடம் நானு. எம் பால பச்சக் கொயந்தைங்க குடிக்குது."

"இது அந்த ஊசி மருந்து இல்ல கஸ்தூரி. செடிக்கு உள்ளது."

"மாட்டுக்கு இன்னா செய்யும்? அத்த சொல்லு."

தெரியாது என்றுதான் சொன்னேன்.

கால்நடை டாக்டரை அழைத்துவந்தேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. உள்ள என்ன கலந்திருக்குன்னு தெரியாம நான் மருந்து கொடுக்க முடியாது. தண்ணி நிறைய காட்டுங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்றார். அன்று மாலைப் பாலைக் கஸ்தூரி கறந்து சாக்கடையில் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். வாடிக்கை வீடுகளுக்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோன மறுநாள் மேனேஜரிடம் போனேன். "வந்தவங்க லான்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்கம்மா. நீ மாட்டப் பத்திப் பேசுற" என்றார். புல் உண்மையில் குபுகுபுவென்று எழும்பியிருந்தது. பிறகு வெளுத்து, மெலிந்து, காற்றில் படுத்துவிட்டது. எனக்கு அதில் மனம் ஓடவில்லை. ஷிப்ட் முடிந்து தினமும் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். மாடு அசை போடுகிறதா, சாணம் எப்படியிருக்கிறது, வயிறு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். கஸ்தூரி உட்காரச் சொல்வதில்லை. போகவும் சொல்வதில்லை.

கடைசியில் கிடாரிக் கன்று பிறந்தது. நான் போனபோது அது தள்ளாடி எழுந்து மடியைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த மருந்தால் ஒன்றும் ஆகவில்லையா, பாதிப் புல்லோடு தப்பியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இனிமே வந்து புல் எடுத்துக்கலாம் கஸ்தூரி. அந்த மருந்தை நிறுத்தியாச்சு. புல் நல்லாப் பச்சையா இருக்கு."

அவர் கன்றைத் துடைத்தபடியே சொன்னார்: "அன்னிக்கும் பச்சையாத்தான் மேடம் இருந்திச்சு."

அதன்பின் அவர் வரவேயில்லை. வைக்கோல் வாங்கிப் போட்டார்.

நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அதற்குப் பிறகு, உள்ளடக்கம் முழுதும் எழுதாத பாட்டிலைத் திறக்க விட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் எவ்வளவு அளவு, எந்த நேரம் என்று கேட்பார்கள். வெட்டின புல் யார் வீட்டுக்குப் போகிறது என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்பேன்.