பைனஸ் கன்றுகளுக்கு ஒரு லொறி மண்

தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு மலைச்சரிவு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை அதில் கிழடாகிச் செத்த பிறகு, யாரையும் கேட்காமல் நாங்கள் மரவள்ளி நட்டுக்கொண்டோம். குருவிட்டக் கடைத்தெருவில் மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றவர்கள் மயங்கி விழுந்த வருஷங்கள் அவை. எங்கள் லயத்தில் ஆட்கள் உயிரோடு மிஞ்சியது அந்தக் கிழங்கால்தான்.

அரசாங்கம் தோட்டத்தை எடுத்ததும் புதுத் துரை ஒருவர் வந்தார். வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய்விட்டாலும் அவருடைய காலுறை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. புதியவர் அதை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அதே பங்களாவில், அதே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில், "இனித் தோட்டம் மக்களுக்குச் சொந்தம்" என்றார். கைதட்டினோம். மறுநாள், அந்த மக்கள் நட்டிருந்த மரவள்ளியைப் பிடுங்கச் சொன்னார்.

"அங்க பைனஸ் நடப் போறது" என்றார் சிங்களம் கலந்த தமிழில். "எப்பவும் பச்சை. இலை கொட்டாது. பார்க்க வெளிநாடு மாதிரி."

அவருடைய அலுவலகச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. பனி மூடிய மலை, அதில் கூம்பு கூம்பாக மரங்கள். கிழங்கு விளைந்த எங்கள் மலையை அந்தப் படத்துக்குள் தூக்கி வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பனிக்கு எங்கே போவார் என்று நாங்கள் கேட்கவில்லை. என் மாமியார் மட்டும் வேறொன்று கேட்டார்.

"திங்க ஏதாவது காய்க்குங்களா தொரை?"

பக்கத்தில் நின்ற கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது. "தொரைகிட்ட கேள்வி கேக்குற வாயா இது?" என்றார். எங்கள் கங்காணி துரை தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள். அன்றைக்கே நாற்றுமேடைக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டார்கள்.

நான் அப்போது தலைச்சன் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தேன். மலையேற முடியாதென்று நாற்றுமேடையில் என் பெயரைப் போட்டார்கள். ஓடையோரமாகச் சமதரையில் மணல் பாத்தி கட்டி, மேலே கெகில்ல என்கிற காட்டுப் பரணிச் செடியை வெட்டிப் போட்டுப் பந்தல் அமைத்திருந்தார்கள். வெயில் கொஞ்சமாக, மழை பொட்டுப் பொட்டாக, காற்று அளவாக உள்ளே வரும். எங்கள் லயத்தின் தகரக் கூரையிலோ வானத்து நட்சத்திரங்களை ஓட்டை ஓட்டையாகப் பார்க்கலாம். பைனஸ் கன்றாகப் பிறக்காமல் போனோமே என்று நாற்றுமேடைப் பெண்கள் சொல்லிச் சிரிப்போம்.

விதை முளைக்கும்போது, தன் ஓட்டைத் தலையில் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு வரும். பாத்தி நிறையத் தொப்பி போட்ட குட்டித் துரைமார். தொப்பி விழுந்ததும் கன்றை வேர் அறாமல் கிளப்பி, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் வைக்க வேண்டும். தண்டு நூல் கனம்தான். அழுத்திப் பிடித்தால் செத்துவிடும். பூவாளியால் தண்ணீர் விடுவதற்குக்கூட ஒரு பக்குவம் வேண்டும். கூடினால் அடி அழுகும், குறைந்தால் சாயும். பெற்ற பிள்ளையை அப்படித் தொட்டுத் தூக்கிய பெண் எங்கள் லயத்தில் ஒருத்தி இருந்ததில்லை.

இவ்வளவு செய்தும் முதல் தடவை போட்ட கன்றுகள் விரற்கடை உயரத்தில் நின்று மஞ்சளாகிவிட்டன. துரை தினமும் வந்து பார்த்தார். பொம்பிளைகள் வெற்றிலை போடுவதால் என்றார். சத்தமாகப் பேசுவதால் என்றார். கங்காணி என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, "புள்ளத்தாச்சி நெழலு விழக் கூடாதுங்க" என்று எடுத்துக்கொடுத்தார். பிறகு அவரே முனியாண்டிக்குச் சேவல் அறுத்தால் சரியாகும் என்றார். அறுத்தார்கள். கன்றுகள் மஞ்சளாகவே இருந்தன. கங்காணியின் வீட்டில் மட்டும் இரண்டு நாள் குழம்பு மணத்தது.

கடைசியில் காட்டிலாகா ஆபீசர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பைனஸ் வேருக்கு ஒரு வகைப் பூஞ்சணத்தின் கூட்டு வேண்டும், அது இங்குள்ள மண்ணில் கிடையாது, மலைநாட்டில் வளர்ந்த பைனஸ் மரத்தடி மண்ணைக் கொண்டுவந்து கலக்க வேண்டும் என்று சொன்னார். துரைக்குப் புத்துயிர் வந்துவிட்டது. தோட்டத்துக்கென்று இருந்த ஒரே லொறி மண் எடுக்க நுவரெலியாப் பக்கம் போயிற்று.

அது போன மறுநாள் காலையில் எனக்கு வலி கண்டது.

மருத்துவிச்சி வந்து பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடப்பது போலிருக்கிறது, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். கொண்டுபோக லொறி இல்லை. என் வீட்டுக்காரர் பங்களாவுக்கு ஓடினார். துரை கார் வைத்திருந்தார். ஆனால் அதற்கு டயர் சரியில்லையாம். "லொறி வந்துடும், பொறு" என்றாராம்.

பொறுத்தேன். வலிதான் பொறுக்கவில்லை.

மத்தியானம் ஆகும்போது நாற்றுமேடைக் காவல்காரன் மலைவளைவில் நின்று கத்தினான். அவன் சிங்களவன். "பஸ் எனவா! பஸ் எனவா!"

சிங்களத்தில் மண்ணுக்குப் பஸ் என்றுதான் பெயர். மண் வருகிறது என்று அவன் துரைக்குச் சொல்கிறான். எங்களில் சிங்களம் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் வலியோடு ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் "பஸ் வருது" என்று கேட்டால், மண் என்றா நினைக்கத் தோன்றும்? துரை எங்கேயோ சொல்லி பஸ் எடுத்துத் தந்துவிட்டார் என்று லயமே பூரித்துப்போனது. என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மாமியார் துணி மூட்டையைக் கட்டினார். என்னைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். "தொரைக்குப் புண்ணியம்" என்று ஒரு கிழவர் கும்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார்.

வளைவில் திரும்பி வந்து நின்றது எங்கள் லொறிதான். அடுக்கு அடுக்காக மண் மூட்டை. அதற்கு முன்பாகவே துரை குடையோடு வந்து நின்றிருந்தார். குடை மூட்டைகளுக்கு.

"லொறி வந்துருச்சுங்க தொரை, பொண்டாட்டிய ஏத்திக்கிறேங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"முதல்ல மண் எறக்கு. வெயில் பட்டா உள்ள இருக்கிற உயிர் செத்துப் போகும்."

கம்பளிக்குள் கிடந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. உள்ளே இருக்கிற உயிர் என்று அவர் சொன்னது என் வயிற்றைப் பற்றியல்ல என்று புரிய ஒரு நொடி ஆயிற்று.

லொறி டிரைவர் சிங்கள ஆள், நாலு பிள்ளைக்குத் தகப்பன். இரவு முழுவதும் ஓட்டி வந்தவர். அவர் என்னை எட்டிப் பார்த்தார், துரையைப் பார்த்தார், பிறகு பின்பலகையைத் திறந்து, "மூட்டை மேலயே படுக்க வைங்க, மெத்தை மாதிரி இருக்கு" என்றார்.

"மண்ணோட போகவா? யார் பொறுப்பு?" என்று துரை கத்தினார்.

"மஹத்தயாவும் ஏறுங்க" என்றார் டிரைவர். "பொறுப்பா வாங்க."

மாமியார் என்னோடு பின்னால் ஏறினார். துரையும் ஏறிவிட்டார். மண்ணைத் தனியே விட மனம் வராமல், குடையை மடக்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம், "மெதுவா, மெதுவா, மூட்டை குலுங்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. மூட்டை குலுங்காமல் நானும் குலுங்காமல் போனேன்.

ஆஸ்பத்திரிவரை பிள்ளை காத்திருக்கவில்லை. வழியில் எப்படித் திரும்பியதோ, குறுக்கே கிடந்தது நேராகி, டவுனுக்கு முந்திய பாலத்தருகே, மாமியார் கையில் வந்து விழுந்தது. பெண் பிள்ளை. அழுகைச் சத்தம் கேட்டு டிரைவர் லொறியை ஓரம் கட்டினார். துரை இறங்கிப் பின்பக்கம் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"மூட்டை நனைஞ்சதா?"

என் மாமியார் பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"நனைஞ்சுதுங்க தொரை. உங்க கன்னுக்கு ஒருநாள் தண்ணி மிச்சம்."

டிரைவர் சிரித்த சிரிப்பில் லொறியே ஆடியது. துரைக்குத் தமிழ் அரைகுறை. பாதிதான் விளங்கியிருக்கும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. முன் சீட்டுக்குத் திரும்பிப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கினார்கள்.

நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது மண்ணுக்குத் தீட்டு என்று கங்காணி இன்னொரு சேவலை அறுத்து முடித்திருந்தார். கன்றுகளுக்குத் தீட்டு தெரியவில்லை. புது மண் கலந்ததும் கரும்பச்சையாக எழும்பின.

பிள்ளையோடு வேலைக்குப் போனேன். வேலை நேரத்தில் பிள்ளைகளை விடப் பிள்ளைக் காம்பரா என்று ஓர் அறை உண்டு, அதில் விட முடியாது. அதன் கூரை லயத்தைவிட மோசம். நாற்றுமேடைப் பந்தல் காலில் சேலையைக் கட்டி ஏணை போட்டேன். பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் போட்டார்கள். பச்சைக் கன்றுகளுக்கு நடுவே ஏணைகள் ஆடின. ஒரு வாரம்தான். துரை வந்து பார்த்து, "இது செடி வளர்க்கிற இடம்" என்றார். "புள்ளைக அழுதா கன்னு அதிரும்" என்று கங்காணி அதற்கொரு காரணமும் கண்டுபிடித்தார்.

அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை. மறுநாள் காலை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனோம். வராந்தாவில் சாக்கை விரித்து வரிசையாகக் கிடத்தினோம்.

"என்ன இது?" என்றார் துரை.

"நாத்துமேடை செடி வளக்குற இடங்க" என்றேன். "புள்ள வளக்குற எடம் எதுன்னு தொரை காட்டுங்க. அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். பிள்ளைகள் தங்கள் பங்கைச் சிறப்பாகச் செய்தார்கள். ஒன்று அழுதால் எல்லாம் அழுதன. ஒன்று தவழ்ந்து உள்ளே போய்த் துரையின் மேசைக்கடியில் இருந்துவிட்டதாம். அதுவும் சும்மா இருக்கவில்லையாம். வெயில் ஏறுமுன் கங்காணி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தூக்கிட்டுப் போங்கடி! பந்தல்லயே கட்டிக்குங்க! தொரை உத்தரவு!"

"கன்னு அதிருமே கங்காணி?" என்று கேட்டேன்.

மழையோடு கன்றுகளை மலையில் நட்டோம். பழைய மரவள்ளி சும்மா விடுமா? மண்ணுக்குள் தங்கிய துண்டுகள் பைனஸுக்குப் பக்கத்தில் தலையை நீட்டின. களை என்று பிடுங்கச் சொன்னார்கள். களையை நாங்கள் அவித்துச் சாப்பிட்டோம். ஆட்சி மாறியது, துரை மாற்றலாகிப் போனார், கலண்டரும் அவரோடு போனது. மரங்கள் மட்டும் நின்றன. அடுத்து வந்தவர்கள் இன்னும் சுத்தம் பார்த்தார்கள். கீழ்க்கிளையைத் தறிக்கச் சொன்னார்கள், பரணியைச் செதுக்கச் சொன்னார்கள். மலை கழுவிவிட்ட மாதிரி ஆனது. டவுனிலிருந்து ஆட்கள் வந்து மரங்களுக்கு நடுவே நின்று படம் பிடித்துக்கொண்டு, "வெளிநாடு மாதிரி" என்றார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் தமிழ் ஆட்களை அடித்து விரட்ட ஒரு கூட்டம் கிளம்பி, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களுக்குத் தீ வைத்தது. எங்கள் தோட்டத்துக்கு வந்தது ஒரு பிற்பகலில். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மலைக்கு ஓடினேன். எல்லாரும் அங்கேதான் ஓடினார்கள். பாதி ஏறிய பிறகுதான் புத்தியில் பட்டது. ஒளிய ஒரு புதர் இல்லை. ஒரு பரணி இல்லை. இந்தக் கரையில் நிற்பவரை அந்தக் கரையிலிருந்து எண்ணலாம். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். குனிந்து குனிந்து, நகம் தேயத் தேயச் செதுக்கியிருந்தோம். பைனஸ் இலை வேறு காலுக்கடியில் வழுக்கியது. மாமியார் விழுந்து எழுந்து, மரத்தைப் பார்த்துக் காறித் துப்பினார்.

"வளத்த கெடா" என்றார். மேலே சொல்ல மூச்சில்லை.

மலையைத் தாண்டி, யாரும் கத்தி வைக்காத ஓடைப் பள்ளத்தில், முள்ளும் அட்டையுமாகக் கிடந்த காட்டுக்குள் படுத்தோம். மகள் வாயைப் பொத்த வேண்டியிருக்கவில்லை, அவளே பொத்திக்கொண்டாள். பொழுது சாயும்வரை புகை வந்துகொண்டிருந்தது. எங்கள் லயத்தில் உயிர்ச்சேதம் இல்லை. மற்றதெல்லாம் போயிற்று.

பிறகு கொஞ்ச நாள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்துவிட்டு, வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் இருந்த ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ரப்பர். பேர் பதியும்போது அந்தத் தோட்டத்துக் கங்காணி கேட்டார்.

"முன்ன என்ன வேலை பாத்த?"

"கன்னு வளத்தேங்க. பைனஸ்."

"அதுல என்னம்மா கெடைக்கும்?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்டிக்கிறதுக்குக்கூட எடம் கெடைக்காதுங்க" என்றேன்.

அவர் பேரை எழுதிக்கொண்டார். பால்வெட்டுக் கத்தி ஒன்றை எடுத்து, விரலால் கூர் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.